யாரும் அடிக்காமலே அணுக்கரு உடையிறது எப்பிடி? அதுவும் ஏன் சரிபாதியா இல்லை?

உப்புவெளி_பெடியன்
எல்லாருக்கும் வணக்கம். ஏலெவல் பௌதிகவியல்ல கருப்பிளவு எண்டு வந்தால் ஒரே படம்தான், நியூத்திரன் ஒண்டு வந்து யுரேனியம் 235 இல அடிக்குது, அது உடையுது, பிறகு ரெண்டு மூண்டு நியூத்திரன் வெளிய பறக்குது. இப்ப கலிபோர்ணியம் 252 பற்றி வாசிச்சுக்கொண்டு இருக்கிறன், அதை ஒருத்தரும் அடிக்கத் தேவையில்லையாம், சும்மா வைச்சிருந்தாலே தன்பாட்டில உடைஞ்சு நியூத்திரனைக் கொட்டுமாம், ஒரு மைக்ரோகிராமுக்கு செக்கனுக்கு 23 இலட்சம் நியூத்திரன். எனக்கு ரெண்டு கேள்வி. அடிக்காமல் உடையிறதெண்டால் அதுவரைக்கும் ஏன் உடையாமல் இருந்தது? மற்றது, உடையிறது சரிபாதியா உடைஞ்சால் நியாயம், ஏன் ஒண்டு பெருசும் ஒண்டு சின்னனுமா வருது? டியூசன்ல கேட்டன், சோதினைக்கு வராது பேசாம இரு எண்டிட்டினம்.

மூதூர்_மச்சான்
சோதினைக்கு வராததையே தேடித்தேடிப் படிக்கிறவன் மூண்டாந்தரமும் ஏலெவல் எடுப்பான் மச்சான் 😂 சேர் வருவார், இரு.

டச்பே_சேர்
வந்திட்டன். தம்பி, முதல் கேள்வியை முதல்ல பாப்பம்.

கருவிசை பக்கத்தில இருக்கிறவனை மட்டும்தான் பிடிக்கும், தூரத்தில நிக்கிறவனைத் தெரியாது. அதால கரு ஒரு திரவத்துளிபோல, பரப்பைக் குறைச்சு உருண்டையா இருக்கப் பாக்கும். பரப்பு இழுவிசை படிச்சிருப்பீர்தானே, அந்தக் கதைதான். புரோத்தன்களுக்கு இடையில இருக்கிற மின் தள்ளுவிசை வேற சாதி, அது தூரத்துக்கும் எட்டும், ஒவ்வொரு புரோத்தனும் மற்ற எல்லாத்தையும் தள்ளிக்கொண்டே இருக்கும். கரு பெருக்கப் பெருக்க பரப்பின்ர பிடி மெல்லமாக் கூடுது, தள்ளுவிசை கடகடவெண்டு கூடுது. 1939 இல நீல்ஸ் போரும் ஜோன் வீலரும் இதைக் கணக்காப் போட்டினம். அணுவெண்ணின்ர வர்க்கத்தைத் திணிவெண்ணால பிரிச்சு வாற எண்ணைப் பாக்கோணும், அது 50 அளவுக்குப் போனால் பிடிச்சு வைக்க ஒண்டுமில்லை, உண்டான கையோட உடைஞ்சிடும். யுரேனியம் 238 க்குப் பிரிச்சுப் பாரும், 35.6 வரும். கலிபோர்ணியம் 252 க்கு 38.1. ரெண்டும் 50 க்கு எவ்வளவோ கீழ, எண்டபடியா இந்த ரெண்டு கருவும் பாத்தால் உறுதியாத்தான் இருக்கு. உருண்டை கொஞ்சம் நீளத் தொடங்கினால் பரப்பு கூடுது, அந்தச் செலவு பெருசு, உடனே திரும்ப இழுத்துக்கொள்ளும். யுரேனியத்தில அந்தத் தடை ஏறக்குறைய 6 மெகா இலத்திரன்வோல்ற். நியூத்திரனால அடிக்கேக்க அந்த 6 ஐ நாங்கள் வெளியில இருந்து குடுக்கிறம், அவ்வளவுதான் உம்மட படத்தில இருக்கிறது.

ஒருத்தரும் குடுக்காட்டில் பழைய பௌதிகவியலின்ரபடி காலம் முழுக்க அப்பிடியே கிடக்கும். குவாண்டத்தில அப்பிடி இல்லை, தடைக்கு மேலால ஏறாமல் தடைக்குள்ளாலயே ஊடுருவிப் போக எப்பவும் ஒரு சின்ன வாய்ப்பு இருக்கு. அல்பா தேய்வும் இந்த வழிதான், 1928 இல கமோவ் சொன்னது. ஆனா அல்பாவில வெளிய போறது நாலே நாலு துணிக்கை. இங்க ஊடுருவுறது முழுக் கருவும், 238 துணிக்கையும் சேர்ந்து உருமாறி நீண்டு அந்தப்பக்கம் போகோணும். அதாலதான் யுரேனியம் 238 க்கு அல்பா அரைவாழ்வுக்காலம் 447 கோடி வருசமா இருக்க, தன்பாட்டில உடையிறதுக்கு மட்டும் தனியக் கணக்குப் பார்த்தால் 80 கோடி கோடி வருசம் வருது. அதாவது 18 இலட்சம் கரு தேஞ்சால் அதில ஒண்டுதான் உடையுது. கலிபோர்ணியம் 252 இல நூற்றுக்கு மூண்டு உடையுது, மிச்சம் 97 உம் அல்பா.

"அதுவரைக்கும் ஏன் உடையேல்ல" எண்ட கேள்விக்கு, கரு ஒண்டுக்கும் காத்து நிக்கேல்ல, வயசு போறதும் இல்லை. ஒவ்வொரு செக்கனும் அதே வாய்ப்பு, நேற்று உண்டான கருவுக்கும் 400 கோடி வருசக் கருவுக்கும் ஒரே அளவு.

ஓர்ஸ்ஹில்_காத்து
சேர் விளக்கம் நல்லம், ஆனா "தன்பாட்டில" எண்டு எப்பிடி அடிச்சுச் சொல்லுறியள்? வானத்தில இருந்து கொஸ்மிக் கதிர் கொட்டிக்கொண்டு இருக்கு, அதில வாற நியூத்திரன் ஒண்டு அடிச்சிட்டுது எண்டு வைச்சாலும் பாக்கிறவனுக்கு ஒரே மாதிரித்தானே தெரியும். 18 இலட்சத்துக்கு ஒண்டு எண்டால் எனக்கு இன்னும் சந்தேகம்.

டச்பே_சேர்
இந்தச் சந்தேகம் கண்டுபிடிச்சவைக்கே வந்தது. 1940 இல லெனின்கிராட்டில கியோர்கி பிளெரோவ், கொன்ஸ்தன்தின் பெத்ர்ஷாக் எண்டு ரெண்டு பெடியள், அவையின்ர ஆய்வுகூடத் தலைவர் குர்ச்சாத்தொவின்ர ஆக்கள். நியூத்திரன் மூலத்தை எடுத்து அங்கால வைச்ச பிறகும் அவையின்ர அயனாக்க அறை, அதாவது உடைவைப் பிடிச்சுக் காட்டுற கருவி, அப்பப்ப ஒரு துடிப்புக் காட்டிக்கொண்டே இருந்தது. அதுக்கு முதல் வருசம் அமெரிக்காவில வில்லர்ட் லிபி தேடிப் பாத்தவர், அகப்படேல்ல. இவை உடன கத்தேல்ல, குர்ச்சாத்தொவ் முதல்ல கொஸ்மிக் கதிரை இல்லாமச் செய்து காட்டு எண்டிட்டார். சாமான் முழுக்கத் தூக்கிக்கொண்டு மொஸ்கோ மெட்ரோவில தினாமோ ஸ்டேசனுக்குப் போச்சினம், நிலத்துக்குக் கீழ 60 மீற்றர் அளவு. மேல இருக்கிற மண் கொஸ்மிக் கதிரை கிட்டத்தட்ட எல்லாத்தையும் விழுங்கிடும். கதிர்தான் காரணமெண்டால் துடிப்பு நிண்டிருக்கோணும். அது மேல இருந்த அதே அளவுக்கு வந்துகொண்டு இருந்தது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உமக்கு.

மூதூர்_மச்சான்
எங்கட திருகோணமலை ஸ்டேசன்ல வைச்சுச் செய்திருந்தால் கண்டுபிடிப்பும் இரவு மெயில்லதான் கொழும்புக்குப் போயிருக்கும்.

கிண்ணியா_காக்கா
தம்பிமார், நான் படிச்ச ஆள் இல்ல, ஆனா புல்மோட்டைப் பக்கம் கன வருசம் மணல் லொறி ஓடின ஆள். அங்க இல்மனைற், ரூற்றைல், சேர்கோன், மொனசைற் எண்டு நாலு வகையாப் பிரிப்பாங்க. சேர்கோனுக்குள்ள யுரேனியம் இரிக்கி எண்டு ஒரு பொறியியலாளர் சொல்லக் கேட்டிருக்கன். அப்ப இந்தத் தன்பாட்டில உடையிற வேல அந்த மணலுக்குள்ளயும் நடக்குமா? நான் அதுக்கு மேலதான் படுத்தெழும்பினன்.

லிங்கநகர்_அக்கா
காக்கா, நல்ல கேள்வி, இவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு இருந்தனான், இதுக்காக வந்திட்டன்.

ஓம் நடக்குது. கணக்குப் போட்டே பாப்பம். ஒரு கிராம் யுரேனியத்தில மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 24 கரு தன்பாட்டில உடையும். சேர்கோன் ஒரு கிலோவில 0.3 கிராம் யுரேனியம் இருக்கெண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, சேர்கோனுக்கு அது சாதாரண அளவு. அப்ப ஒரு கிலோவில மணித்தியாலத்துக்கு 7 உடைவு. லொறி லோட் 10 தொன் முழுக்கச் சேர்கோன் எண்டால் செக்கனுக்கு 20 வரை. இனி ஒரே ஒரு குருணியை எடுங்கோ, குறுக்க 0.15 மில்லிமீற்றர். அதுக்குள்ள ஒரு உடைவு நடக்க சராசரியா 2000 வருசம் வேணும். அனுராதபுரத்தில தாதுகோபம் கட்டின காலத்தில ஒண்டு நடந்திருந்தால் அடுத்தது இப்பதான் வரப்போகுது. ஆனா இலங்கைச் சேர்கோன் கனக்க 55 கோடி வருசப் பழசு, அவ்வளவு காலத்தில அதே குருணிக்குள்ள ரெண்டரை இலட்சத்துக்கு மேல உடைஞ்சிருக்கும்.

அந்த ஒவ்வொரு உடைவும் ஒரு கோடு விட்டிட்டுப் போகும், இதுதான் எனக்குப் பிடிச்ச விசயம். ரெண்டு துண்டும் எதிர்எதிர்ப் பக்கம் பாயேக்க செக்கனுக்கு 10,000 கிலோமீற்றருக்கு மேல வேகம், பாரம் கூட, ஏற்றமும் கூட, போற வழியில பளிங்கின்ர ஒழுங்கைக் குலைச்சுக்கொண்டு போகும். சேர்கோனில அது 11 மைக்ரோமீற்றர் நீளம், அபதைற் எண்ட இன்னொரு கனிமத்தில 16. கண்ணுக்குத் தெரியாது, ஆனா அபதைற்றை மினுக்கி ஐதான நைத்திரிக் அமிலத்தில கொஞ்ச செக்கன் வைச்சு எடுத்தால் அமிலம் குலைஞ்ச இடத்தைத்தான் கெதியாத் தின்னும், கோடு பெருத்து சாதாரண நுணுக்குக்காட்டியில கறுப்பு ஊசிகளாத் தெரியும். சேர்கோன் அதுக்கெல்லாம் மசியாது, உருகின சோடியம் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக்குள்ள 220 பாகை அளவில மணிக்கணக்கா வைக்கோணும். அல்பா இப்பிடிக் கோடு விடாது, அது அந்தளவுக்குப் பாரம் இல்லை. அதால 18 இலட்சத்தில ஒண்டா இருந்தாலும் எண்ணக்கூடியது இதைத்தான். கோட்டை எண்ணி யுரேனியத்தையும் அளந்தால் வயசு வந்திடும். சூடு ஏறினால் கோடு அழிஞ்சுபோகும், அபதைற்றில 60 பாகை அளவிலேயே மெல்ல அழியத் தொடங்கி 110 பாகை அளவில முழுக்க இல்லாமப் போகும், எனவே அந்த வயசு பாறை உண்டான நாளைச் சொல்லாது, அது கடைசியா ஆறின காலத்தைச் சொல்லும். மலை எப்ப மேல வந்தது எண்டு பாக்கிறவைக்கு அதுதான் தேவை.

கிண்ணியா_காக்கா
மாஷா அல்லாஹ். அப்ப எனக்கு ஒண்டும் ஆகாதா?

லிங்கநகர்_அக்கா
இந்த உடைவால ஒண்டும் ஆகாது, காக்கா. மணல்ல கவனிக்கவேண்டியது மொனசைற், அதில தோரியம் இருக்கு, அதின்ர தேய்வுச் சங்கிலியில காமாவும் தூசியாச் சுவாசிக்கிற அல்பாவும் வரும். தோரியம் தன்பாட்டில உடையிறது யுரேனியத்தை விட இன்னும் இலட்சம் மடங்கு அரிது, அதைக் கணக்கிலயே எடுக்கத் தேவையில்லை. தூசிக்குள்ள வேலை செய்யிறவை மாஸ்க் போடோணும், அவ்வளவுதான்.

டச்பே_சேர்
காக்கா தொடங்கினதால ஒரு பக்கக் கதை. 1904 இல எங்கட நாட்டில தோரியனைற் எண்டு ஒரு புதுக் கனிமம் எடுத்தவர் ஆனந்த குமாரசுவாமி. சிற்பம், கலை எண்டு எழுதினவர்தான், அவர் அப்ப இலங்கைக் கனிம அளவைப் பகுதிக்குப் பொறுப்பா இருந்தவர். அந்தத் தோரியனைற் லண்டனுக்குப் போச்சு, றாம்சேயின்ர ஆய்வுகூடத்தில ஒரு ஜெர்மன் பெடியன் அதில இருந்து எடுத்த உப்பைப் பிரிச்சுப் பிரிச்சு 1905 இல ரேடியோதோரியம் எண்டு ஒரு புதுக் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டான். அந்தப் பெடியன் ஒட்டோ ஹான். 33 வருசம் கழிச்சு பெர்லின்ல ஸ்ட்ராஸ்மனோட சேந்து யுரேனியத்தில பேரியம் கண்டவரும் அவர்தான், அதைக் கருப்பிளவு எண்டு விளங்கப்படுத்தினது லீஸ மைட்னரும் ஃப்ரிஷும். நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் குடுத்தது சுத்த அநியாயம், அதை எத்தினை தரமும் சொல்லுவன்.

உப்புவெளி_பெடியன்
சேர் அக்கா எல்லாருக்கும் நன்றி, முதல் கேள்வி தீந்தது. ரெண்டாவதுக்கு ஒருத்தரும் வாய் திறக்கேல்லயே? திரவத்துளி எண்டால் சரிபாதிதானே வரோணும்?

மூதூர்_மச்சான்
இதுக்கு நான் சொல்லுறன். பராட்டாக் கடையில மா உருண்டையை ரெண்டு கையால இழுத்துப் பார், நடு ஒடுங்கி கழுத்து வரும், எங்க அறும் எண்டு ஒருத்தனுக்கும் தெரியாது, ஒரு கைக்குக் கூட வரும் ஒரு கைக்குக் குறைய வரும். கருவும் அதுதான், சும்மா தற்செயல்.

லிங்கநகர்_அக்கா
கழுத்து சரி மச்சான், தற்செயல் எண்டதுதான் ஒத்துவராது. தற்செயல் எண்டால் கனக்கத் தரம் இழுத்துப் பாத்தால் கூடுதலானது நடுவில வந்து நிக்கோணும். யுரேனியத்தில நடுவில பள்ளம். சரிபாதி உடைவு நடக்கிறதே அபூர்வம், ரெண்டு பக்கமும் ரெண்டு மேடு, சின்னத் துண்டின்ர திணிவெண் 95 அளவில, பெருசின்ரது 140 அளவில. அதைவிட விசேசம், தாய்க்கருவை மாத்திப் பாக்கேக்க வருது. யுரேனியத்தை எடு, புளுத்தோனியத்தை எடு, கலிபோர்ணியத்தை எடு, பெரிய துண்டு 140 ஐச் சுத்தியே நிக்கும், அசையாது. தாயில கூடுற திணிவு கிட்டத்தட்ட முழுக்கச் சின்னத் துண்டுக்குத்தான் போகுது, கலிபோர்ணியம் 252 இல சின்னது 108 அளவுக்கு வந்திடும். தற்செயலா அறுந்தால் இப்பிடி ஒரு பக்கம் மட்டும் பிடிவாதமா நிக்குமா?

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் ஓடுகள். இலத்திரன்களுக்கு ஓடு இருக்கிறதுபோல கருவுக்குள்ள புரோத்தனுக்கும் நியூத்திரனுக்கும் தனித்தனிய ஓடு இருக்கு, 50 இலயும் 82 இலயும் ஓடு நிரம்பும், நிரம்பின கரு மற்றதை விட இறுக்கமா இருக்கும். வெள்ளீயம் 132 இல 50 புரோத்தன், 82 நியூத்திரன், ரெண்டுமே நிரம்பினது. கரு நீண்டு கழுத்து ஒடுங்கேக்க ஒரு முனையில அப்பிடி ஒரு கட்டி உருவாகினால் சக்தி மிச்சம், மிச்சத் துணிக்கையள் மற்றப் பக்கம் போகுது. திரவத்துளிக் கணக்குக்கு மேல இந்த ஓட்டுத் திருத்தத்தையும் சேக்கிற வழியை ஸ்த்ருத்தின்ஸ்கி 1967 இல போட்டுக் காட்டினார். அப்பதான் தெரிஞ்சுது யுரேனியம் பக்கத்துக் கருக்களின்ர தடைக்கு ஒரு உச்சி இல்லை, ரெண்டு உச்சி, இடையில ஒரு பள்ளம். 1962 இல பொலிகானொவ் ஆக்கள் அமெரிசியம் 242 இல 14 மில்லிசெக்கனில உடையிற ஒரு விசித்திர நிலையைக் கண்டிருந்தினம், அந்தப் பள்ளத்துக்குள்ள அகப்பட்டு நீண்ட வடிவத்தில நிண்ட கரு அது.

ஓர்ஸ்ஹில்_காத்து
அக்கா, இது பிறகு கண்டுபிடிச்சு முதல் சொன்ன மாதிரி இருக்கு. விடை 140 எண்டு தெரிஞ்ச பிறகு 132 ஐக் கொண்டுவந்து கிட்ட வைச்சால் சரியா? 8 வித்தியாசம் இருக்கே. அதோட, 2010 இல ஐரோப்பாவின்ர சேர்ன் ஆய்வுகூடத்தில ஐசோல்டே எண்ட இடத்தில பாதரசம் 180 ஐப் பாத்தினம். அது சரிபாதியா உடைஞ்சால் ரெண்டு சேர்க்கோனியம் 90, ரெண்டிலயும் 50 நியூத்திரன், ஓடு நிரம்பினது. உங்கட கதைப்படி அதுதான் நடக்கோணும். வந்தது ருத்தீனியம் 100 உம் கிரிப்தன் 80 உம்.

லிங்கநகர்_அக்கா
வீட்டுப்பாடம் செய்திட்டுத்தான் வந்திருக்கிறியள், சந்தோசம். அந்த 8 வித்தியாசம் உண்மையிலயே கனகாலம் உறுத்தினது. வெள்ளீயம் 132 நல்ல உருண்டை. ஆனா அறுகிற நேரத்தில ரெண்டு துண்டும் கழுத்தால ஒட்டிக்கொண்டு இருக்கு, கழுத்துப் பக்கம் நீண்டு மற்றப் பக்கம் பெருத்து நிக்கும், அந்த நிலையில உருண்டையா இருக்க விரும்புற கருவுக்கு வசதியில்லை. ஒரு பக்கம் நீண்ட வடிவத்தில இறுக்கமா இருக்கிற கரு எது எண்டு பாக்கோணும். 2018 இல ஸ்காம்சும் சிமெனெலும் அதைக் கணக்குப் போட்டினம், 52 உம் 56 உம் புரோத்தன் உள்ள கருக்களுக்கு அந்த வடிவம் லாபம். பரிசோதனையில பெரிய துண்டில இருக்கிறது 54 புரோத்தன் அளவு. பாதரசத்திலயும் அதே பாடம்தான், சேர்க்கோனியம் 90 நிம்மதியான உருண்டை, நீளச் சொன்னால் நீளாது. ஆக ஓடு பொய்யில்லை, எந்த வடிவத்தில இருக்கேக்க எந்த ஓடு எண்டு கேக்கோணும்.

முன்கூட்டிச் சொல்லிப் பலிச்ச இடம் வேணுமெண்டால் பெர்மியத்துக்கு வாங்கோ. பெர்மியம் 264 எண்டு ஒண்டு இருந்தால் அது சரியா ரெண்டு வெள்ளீயம் 132. கிட்டப் போகப் போக சரிபாதி லாபமா மாறோணும் எண்டு எதிர்பாக்கலாம். பெர்மியம் 256 பழைய பழக்கத்தில பெருசு சின்னனா உடையுது, அரைவாழ்வுக்காலம் ரெண்டரை மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல. ரெண்டே ரெண்டு நியூத்திரனைக் கூட்டி 258 க்குப் போனால் திடீரெண்டு சரிபாதி, 0.37 மில்லிசெக்கன். துண்டுகளின்ர இயக்கசக்தியும் ஏறுது, கலிபோர்ணியத்தில 185 மெகா இலத்திரன்வோல்ற் அளவு, இங்க 230 ஐத் தாண்டும், ரெண்டு இறுக்கமான உருண்டை கிட்டக்கிட்ட நிண்டு தள்ளிக்கொள்ளுறதால. இதைத் திரவத்துளியை வைச்சு ஒருத்தராலயும் விளங்கப்படுத்த ஏலாது.

டச்பே_சேர்
இந்தத் "தன்பாட்டில" விசயத்தால அமெரிக்காவின்ர அணுகுண்டுத் திட்டமான மன்ஹாட்டன் திட்டமே தலைகீழாப் போனது தெரியுமோ. உலையில செய்த புளுத்தோனியத்தில 240 சமதானியும் கலந்து வரும், அது ஒரு கிராமில செக்கனுக்கு 470 க்கு மேல தன்பாட்டில உடையும், 1000 நியூத்திரன் அளவு வெளிய. செக்ரே ஆக்கள் 1944 இல லொஸ் அலமோசில அளந்தினம். துவக்குப்போல ஒரு துண்டை மற்றதுக்குள்ள சுடுற குண்டு வடிவத்துக்கு அது பெரிய தலையிடி, ரெண்டும் சேர முதலே பத்திப் புஸ்ஸெண்டு போகும். அந்த வடிவத்தை ஜூலையில கைவிட்டு, சுத்திவர வெடிமருந்தால அமுக்கிற வழிக்கு மாறிச்சினம். பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும், அதைப் பற்றிக் கதைக்க எனக்கு விருப்பமில்லை.

உப்புவெளி_பெடியன்
தலை சுத்துது ஆனா விளங்குது. கடைசியா ஒண்டு. துண்டு ரெண்டும் சுழண்டுகொண்டு வருமெண்டு ஒரு இடத்தில வாசிச்சன். கலிபோர்ணியம் 252 சுழலாத கருதானே, கோண உந்தம் பூச்சியம். பூச்சியத்தில இருந்து சுழற்சி எங்கால வந்தது?

லிங்கநகர்_அக்கா
ஒவ்வொரு துண்டும் ஆறேழு அலகு கோண உந்தத்தோட வருது, மொத்தத்தைப் பூச்சியமாக்க ரெண்டும் ஒண்டையொண்டு சுத்துற கோண உந்தமும் சேரும். வழக்கமாச் சொன்ன கதை, அறுக முதலே ஆடி முறுகி ரெண்டும் சோடியாச் சுழலத் தொடங்கிடும் எண்டு. அப்பிடியெண்டால் ஒண்டின்ர சுழற்சியைப் பாத்து மற்றதின்ர சுழற்சியைச் சொல்ல ஏலும். பிரான்ஸில ஒர்சேயில ஜொனதன் வில்சன் ஆக்கள் துண்டுகள் விடுற காமாவை அளந்து பாத்தினம், கலிபோர்ணியம் 252 உம் அதில ஒண்டு, 2021 இல வெளிவந்தது. சோடியள்ள தொடர்பே இல்லை. அறுந்த பிறகு நீண்டுபோன வடிவம் சுருங்கேக்க ஒவ்வொண்டும் தனித்தனியச் சுழலுது எண்டு முடிவு எடுத்தினம். கணக்குப் போடுற ஆக்கள் எல்லாரும் ஒத்துக்கொள்ளேல்ல, அறுக முதல் வந்த சுழற்சியும் அதே முடிவைக் குடுக்கலாம் எண்டு பிறகு கட்டுரை வந்தது. சண்டை நடந்துகொண்டு இருக்கு.

ஓர்ஸ்ஹில்_காத்து
சரி பெர்மியத்தை ஒத்துக்கொள்ளுறன். ஆனா 256 ஐச் சொன்னியள், 258 ஐச் சொன்னியள், நடுவில 257 ஐ மெதுவா விட்டிட்டுப் போட்டியள். அது ரெண்டுக்கும் நடுவில ஒரு செக்கனோ ரெண்டு செக்கனோ இருக்குமாக்கும்?

லிங்கநகர்_அக்கா
அங்கதான் பகிடி. 257 இன்ர மொத்த அரைவாழ்வுக்காலம் 100 நாள், அதில ஆயிரத்துக்கு ரெண்டுதான் தன்பாட்டில உடையிறது, அதை மட்டும் எடுத்தால் 130 வருசம். இந்தப்பக்கம் மூண்டு மணித்தியாலமும் வராது, அந்தப்பக்கம் மில்லிசெக்கன், நடுவில 130 வருசம். சோடி சேராத ஒற்றை நியூத்திரன் செய்யிற வேலை அது. கரு நீளேக்க சோடியா இருக்கிறதெல்லாம் லேசா இடம் மாறி எப்பவும் குறைஞ்ச சக்திப் பாதையில போகும், ஒற்றையா நிக்கிறது தன்ர சுழற்சியை விட்டுக்குடுக்க ஏலாமல் மேல உள்ள பாதையிலயே தொங்கும், தடை அந்தளவுக்கு உயரும். ஊடுருவுற வாய்ப்பு அடுக்கில இருக்கிறதால கொஞ்ச உயரம் கூடினாலே ஆயிரம் மடங்கு, இலட்சம் மடங்கு எண்டு பிந்தும். ஒற்றை எண் கருக்கள் எல்லாத்திலயும் இதைப் பாக்கலாம், பாரமான புது மூலகங்களைச் செய்யிற இடத்தில ஒற்றை எண் சமதானியைத் தேடுறதுக்கும் இது ஒரு காரணம், உடைய முதல் அல்பா விட அதுக்கு நேரம் கிடைக்கும், அல்பாச் சங்கிலியைப் பிடிச்சுத்தான் இது என்ன மூலகம் எண்டு ஆளை அடையாளம் காணுறது.